பூட்டிய வீட்டுக்கு வெந்நீர்

கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ கோடைக்கென்று ஒரு வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஏப்ரல் கடைசி. குடும்பம் காரில் வந்து இறங்கும்போது உச்சிவேளை. பூட்டைத் திறந்தால் பூஞ்சை வாடை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு மெயின் சுவிட்சைப் போடுகிறார்கள். தோட்டக்காரர் மாடியேறி, மாதக்கணக்கில் மூடியிருந்த தண்ணீர் வால்வைத் திருகுகிறார். சற்று நேரத்தில் மேலே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தால் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களில் இரண்டு சிதறிக் கிடக்கின்றன. டேங்கில் ஏறிய தண்ணீரெல்லாம் அந்த ஓட்டைகள் வழியே மாடியில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடக்கும் வெற்றிடக் குழாயின் உட்சுவர் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் 15 டிகிரி ஊற்றுத் தண்ணீர் விழுந்தால் அந்தக் கண்ணாடி பெரும்பாலும் தாங்காது. குழாய் மாடலுக்குப் பதில் தாமிரக் குழாய் ஓடும் பழைய பேனல் மாடல் அங்கே இருந்திருந்தால் விபத்து இன்னும் முன்பே, உறைபனி விழுந்த ஏதோ ஒரு ஜனவரி இரவில், யாரும் பார்க்காமலே நடந்து முடிந்திருக்கும். உறையும் தண்ணீர் விரியும். விரிகிற பனிக்கட்டி தாமிரத்தையும் பிளந்துவிடும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் என்பது தினமும் ஆள் குளிக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சாமான். காலையில் வெந்நீர் செலவாக வேண்டும், அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் ஏற வேண்டும், பகலில் அது காய வேண்டும். இந்தச் சுழற்சி ஓடும் வரை அதைப் போல் தொல்லையில்லாத கருவி வேறில்லை. வீட்டைப் பூட்டிவிட்டால் சுழற்சி நிற்கிறது. வெயில் மட்டும் நிற்பதில்லை. விற்பனையாளர் தரும் கையேட்டில் உள்ள சேமிப்புக் கணக்கு, ஆயுள் கணக்கு எல்லாமே வருஷம் முழுக்கப் புழங்கும் வீட்டுக்குப் போட்டவை. ஒன்றரை மாதம் திறந்து, பத்தரை மாதம் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு அவை பொருந்தாது.

அப்படிப்பட்ட கட்டடங்கள் தமிழ்நாட்டில் கொஞ்சமா? மலைவாசஸ்தலங்களின் கதையே அதுதான். 1820களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டினார். 1845இல் மதுரையிலிருந்து மலேரியாவுக்குப் பயந்து ஓடிவந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள். பின்னாளில் சென்னை மாகாண அரசே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. அன்று வெந்நீருக்கு விறகும் தாமிர பாய்லரும், அதைப் பற்றவைக்க ஓர் ஆளும் இருந்தார்கள். இன்று சீசன் வீடுகளோடு சீசன் காட்டேஜ்கள், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் திறக்கும் கல்யாண மண்டபங்கள், தைப்பூசத்துக்கு நிரம்பும் பழனி விடுதிகள், மே மாதம் காலியாகும் மாணவர் விடுதிகள், திருவிழாவுக்கு மட்டும் கதவு திறக்கும் செட்டிநாட்டு வீடுகள் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ஹீட்டரைத்தான் கடைக்காரர் காட்டுகிறார்.

கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தில் ஆள் இருக்கும் நாட்கள் எவை, அந்த நாட்களில் அங்கே வெயில் உண்டா, ஆள் இல்லாத நாட்களில் எவ்வளவு வெயில் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

குற்றாலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சீசன் என்றாலே ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேகமும் சாரலும்தான் கூட்டத்தை இழுக்கின்றன. அருவியில் நனைந்து நடுங்கி வருபவர் விடுதியில் வெந்நீர் கேட்பார்; மாடியில் இருக்கும் சோலார் கருவிக்கோ அன்றைக்கு வெயிலே கிடைத்திருக்காது. விடுதி காற்றாடும் பிப்ரவரி, மார்ச்சில் அது கொதித்துக்கொண்டிருக்கும். சாரல் சீசனை மட்டும் நம்பியிருக்கும் விடுதிக்குச் சோலார் வெந்நீர் என்பது கிட்டத்தட்ட வீண்செலவு. எல்லோரும் வைக்கிறார்களே என்று வைக்க வேண்டியதில்லை.

ஊட்டியின் கணக்கு வேறு. ஏப்ரல், மே முதல் சீசனில் காலை வெயில் நன்றாகவே இருக்கும், பிற்பகலில் மழை வந்தாலும். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, மூடுபனி. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன் நம்ப முடியாதது. டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமையாக இருந்தாலும் வானம் பெரும்பாலும் துல்லியமாக இருக்கும். பகல் வெயிலுக்குக் குறையில்லை. அந்தத் துல்லிய வானம்தான் இரவில் ஆபத்து. மேகப் போர்வை இல்லாத இரவில் பேனல் தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்துவிடும். சுற்றியுள்ள காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே பேனலுக்குள் இருக்கும் தண்ணீர் உறையக்கூடும். வெப்பமானி பூஜ்யத்தைத் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

செட்டிநாட்டு வீட்டுக்கு என்ன? வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடும்போது திறக்கும் வீடு அது. காரைக்குடி வெயிலில் மே மாதம் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரே கையைச் சுடும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மார்கழி, தையில் நாலு வாளி வெந்நீர் வேண்டுமென்றால் ஒரு கெய்சர் போதும். சோலார் கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் இதுதான் சரியான பதில்.

இனி பணக் கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.116 யூனிட் மின்சாரம் வேண்டும். சமவெளியில் 27 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 3.8 யூனிட் ஆகும். ஊட்டிக் குளிர்காலத்தில் 12 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அதே வேலைக்கு 5.6 யூனிட். கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனர் வீட்டில் கொதிக்கிற அதே மாடல் மலையில் வெதுவெதுப்பாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். கருவியில் குறையில்லை, தொடக்கக்கோடு கீழே இருக்கிறது. மலையில் வாங்குபவர் தேவைக்கு மேல் ஒரு படி பெரிய பேனலையோ கூடுதல் குழாய்களையோ கேட்டு வாங்க வேண்டும். டேங்கை மட்டும் பெரிதாக்கினால் தண்ணீர் இன்னும் ஆறித்தான் இருக்கும்.

ஒரு 200 லிட்டர் கருவி மலையில் நல்ல வெயில் நாளில் 11 யூனிட்டை மிச்சம் பிடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். யூனிட் 8 ரூபாய், கருவி 40,000 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். வருஷத்தில் 250 நாள் ஆள் தங்கும் விடுதிக்கு மிச்சம் 22,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். 45 நாள் மட்டும் திறக்கும் வீட்டுக்கு மிச்சம் 4,000 ரூபாய்கூட இல்லை. பத்து வருஷம் ஆகும், அதுவும் இடையில் ஒரு குழாயும் உடையாமல் இருந்தால்.

ஆகவே பாதி வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டுக்காரர், வெந்நீர்க் கருவியைத் தொடுமுன் மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகையைப் பற்றி யோசிப்பது நல்லது. வெந்நீரைப் பத்து மாதம் சேர்த்துவைக்க முடியாது; மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிக்கு அனுப்பலாம். பூட்டிய வீட்டின் மேல் விழும் வெயில் நெட் மீட்டரில் வரவாகப் பதிவாகும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. வாடகைக்கு விடும் காட்டேஜுக்கு இது கிடையாது, குடியிருப்பு வீட்டுக்கு மட்டும். வெந்நீருக்குச் சாதாரண கெய்சரே போதும். ஆள் வரத்து அதிகமென்றால் ஹீட் பம்ப் வைக்கலாம். காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் அந்தக் கருவி, சமவெளியில் கெய்சர் குடிக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அதே வேலையைச் செய்யும். மலைக்குளிரில் அந்தத் திறன் கொஞ்சம் இறங்கும்.

இத்தனைக்கும் பிறகும் சோலார் வெந்நீர்தான் வேண்டும் என்று தீர்மானிக்க நியாயமான காரணங்கள் உண்டு. மின்சாரம் அடிக்கடி போகும் எஸ்டேட் பங்களா, நாலைந்து மாதம் தொடர்ந்து நிரம்பும் காட்டேஜ், பத்து மாதம் ஓடி இரண்டு மாதம் மூடும் மாணவர் விடுதி போன்றவை அந்த வகை. அவர்களுக்கு அடுத்த கேள்வி, எந்த மாடல்?

கடையில் இரண்டு பெயர்கள் அடிபடும். கறுப்புத் தகட்டின்மேல் கெட்டிக் கண்ணாடி மூடிய பேனல் மாடல். வரிசையாகக் கண்ணாடிக் குழாய் செருகிய டியூப் மாடல். பேனலுக்குள் தாமிரக் குழாய்கள் ஓடும். மேல் கண்ணாடி தடித்தது. கல் விழுந்தாலும் குரங்கு குதித்தாலும் எளிதில் உடையாது. குரங்கைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். கொடைக்கானல், பழனி, ஏற்காட்டுக் கூரைகளில் டியூப் மாடலுக்குக் குரங்கைப் போல் எதிரி வேறில்லை. டியூப் மாடலில் ஒவ்வொரு குழாயும் இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். ஃபிளாஸ்க்கில் காப்பி ஆறாமல் இருப்பது எப்படியோ அப்படியே, குளிர்காற்று வெப்பத்தைத் திருட முடியாது. மலைக்குளிருக்கும் மங்கிய வெயிலுக்கும் அது பேனலைவிட நன்றாக ஈடுகொடுக்கும். உறைபனியையும் பெரும்பாலும் தாங்கும். விலையும் குறைவு. குழாயின் அடிநுனியில் வெள்ளிபோல் மின்னும் ஒரு பூச்சைப் பார்க்கலாம். வெற்றிடத்தைக் காக்கும் பேரியப் பூச்சு அது. அந்த மினுக்கம் போய்ப் பால்வெள்ளையாகிவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். பூட்டிய வீட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டியூப் மாடலிலேயே இன்னொரு வகை, ஹீட் பைப். அதில் கண்ணாடிக்குள் தண்ணீர் போவதில்லை. உள்ளே அடைத்த தாமிரக் குழல் வெப்பத்தை மேலே தூக்கிக் கொடுக்கும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் வீடு நனையாது. காய்ந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் விழும் பேச்சும் இல்லை. விலை கூடுதல். ஆண்டில் பல மாதம் ஆளில்லாத மலை வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணாகாது.

உறைபனிப் பிரச்சினையை முதலில் எதிர்கொண்டவர்கள் நம் மலைக்காரர்கள் இல்லை. வணிக ரீதியாக விற்ற முதல் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப். அவர் குறிவைத்த வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? மனைவியும் வேலைக்காரர்களும் கோடை வீட்டுக்குப் போய்விட, அடுப்பு மூட்டத் தெரியாமல் நகரத்தில் தனியே மாட்டிக்கொண்ட கணவன்மார்கள். பூட்டுகிற வீட்டுக்கும் சோலார் வெந்நீருக்கும் உறவு அன்றே தொடங்கிவிட்டது. கெம்ப்பின் கருவி கறுப்புச் சாயம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததுதான். இரவில் ஆறிவிடும், அந்த ஊர்க் குளிர்காலத்தில் உதவாது. கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909இல் பேனலையும் டேங்கையும் பிரித்து, டேங்குக்குக் கம்பளி போர்த்தியது போல் வெப்பக் காப்பு கொடுத்து, இரவும் பகலும் வெந்நீர் என்று விற்றார். இன்று நம் மாடியில் இருப்பது அவருடைய யோசனையின் பேரப்பிள்ளை. 1913 ஜனவரியில் தெற்கு கலிபோர்னியாவில் யாரும் எதிர்பாராத குளிர், பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. பெய்லி விற்ற பேனல்களில் தாமிரக் குழாய்கள் வெடித்தன. அவர் சோர்ந்து உட்காரவில்லை. குளிக்கும் தண்ணீரைப் பேனலுக்கு அனுப்பாமல், ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தனிச் சுற்றில் ஓடவிட்டு, டேங்குக்குள் சுருள்குழாய் வழியாக வெப்பத்தை மாற்றினார்.

அதே உத்திதான் இன்று ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடல் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆல்கஹாலுக்குப் பதில், எளிதில் உறையாத கிளைக்கால் கலவை. உப்புத் தண்ணீர் பேனலுக்குள் போகாது என்பதால் போர் தண்ணீர் ஊர்களிலும் இதை விற்கிறார்கள். பூட்டிய வீட்டில் இதற்கும் ஒரு குறை உண்டு. வெந்நீர் எடுக்க ஆளில்லாமல் கோடை முழுக்கக் கொதித்தால் கிளைக்கால் கெட்டு, பழுப்பாகி, அமிலத்தன்மை ஏறித் தாமிரத்தையே அரிக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்து மாற்ற ஓர் ஆள் வேண்டும்.

பம்ப் நின்றதும் பேனலில் உள்ள தண்ணீரெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் சிறு தொட்டிக்குத் தானே வடிந்துவிடும் அமைப்பு ஒன்றுண்டு. உறைய அங்கே தண்ணீர் இருக்காது; கொதிக்கவும் இருக்காது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகலாம். சீசன் கட்டடத்துக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. நம் ஊர்க் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. பெரிய விடுதி கட்டுபவர்கள் பொறியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கருவியை எந்தச் சாய்வில் நிறுத்துவது என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். சீசன் கட்டடத்தில் அதுவே பெரிய ஆயுதம். தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்து வை என்பது பொதுவிதி. ஊட்டி பதினொன்றரை டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 35 டிகிரி சாய்த்த பேனலுக்கு அது நேருக்கு நேர். ஜூனில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். அதே பேனலில் நண்பகல் வெயிலின் மூன்றில் இரண்டு பங்குதான் விழும். மே மாதம் காலியாகி, டிசம்பர், ஜனவரியில் நிரம்பும் மாணவர் விடுதிக்கு 30, 35 டிகிரி சாய்வு இரண்டு வேலையைச் செய்கிறது. குளிரில் வெந்நீர் கூடும், ஆளில்லாத கோடையில் கொதிப்பு குறையும். ஏப்ரல், மே மட்டும் திறக்கும் காட்டேஜுக்கு இது தலைகீழ்; அங்கே சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் மாதம்தான் வருமானம், அதனால் தண்ணீர் தானாக மேலேற எவ்வளவு சாய்வு வேண்டுமோ அவ்வளவு போதும். இதற்குத் தனிக்காசு வேண்டாம். ஸ்டாண்ட் வெல்டிங் செய்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. யாரும் சொல்வதில்லை.

ஸ்டாண்ட் என்றதும் கூரையையும் பார்த்துவிட வேண்டும். மலைப் பங்களாக்கள் பலவற்றுக்கும் தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோதான். 200 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டும் 200 கிலோ. இரும்பு, பேனல் எடை தனி. பழைய மரச் சட்டத்தின் மேல் அதை ஏற்றுவதைவிடத் தோட்டத்தில் நிழல் படாத இடத்தில் தூண் எழுப்பிவிடலாம். அப்படி வைத்தால் குழாய் நீளமாகும். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் நிற்கும் தண்ணீரே கிட்டத்தட்ட 6 லிட்டர். வெந்நீர் வருவதற்குள் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும். குழாய்க்குக் காப்பு உறை போடாத வீட்டில் வந்து சேரும் வெந்நீரும் பாதி ஆறியிருக்கும்.

கல்யாண மண்டபம் தனி உலகம். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் தூங்கும். தை பிறந்தால் அடுத்தடுத்து முகூர்த்தம். அதிகாலை முகூர்த்தம் என்றால் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மொத்தக் கூட்டமும் குளித்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் முந்தைய நாள் வெயிலில் காய்ந்தது. விடிவதற்குள் தீர்ந்தால் மறுபடி மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான். வாளியில் குளிப்பவருக்கு 60 டிகிரி வெந்நீர் 10 முதல் 20 லிட்டர், ஷவருக்கு 20 முதல் 30 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. இருநூறு பேர் தங்கும் மண்டபத்துக்கு இதை அப்படியே பெருக்கி ஒரே பெரிய டேங்காக வாங்கிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. காதுகுத்துக்கு முப்பது பேர் வரும் நாளிலும் அத்தனையும் காய்ந்துகொண்டிருக்கும். 500 லிட்டர் வீதம் தனித்தனி வால்வோடு பிரித்து வைத்தால் சின்ன விசேஷத்துக்கு ஒன்றைத் திறக்கலாம், பெரிய முகூர்த்தத்துக்கு எல்லாவற்றையும். உச்சக் கூட்டத்துக்கு விறகு பாய்லரோ காஸ் பாய்லரோ கைகொடுக்கட்டும். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் மருத்துவமனை, விடுதிகளோடு கல்யாண மண்டபத்தையும் சோலார் வெந்நீர் வைக்க வேண்டிய கட்டடங்களில் சேர்த்திருக்கின்றன. அனுமதிக்காக ஒன்றை வைத்து, அதைத் தண்ணீர் இணைப்பே இல்லாமல் காயவிடும் மண்டபங்கள் நிறைய. அதற்குப் பதில் அளவாக ஒன்றை வைத்து உபயோகிக்கலாம்.

வாங்கி வைத்தாயிற்று, இனிப் பூட்டும் கலை. இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டு வழி. வாரக்கடைசிக்கு வந்துபோகும் வீடென்றால் டேங்கை நிரப்பியே வைத்திருக்கலாம். வடித்துவிட்டுப் போனால் சனிக்கிழமை காலை குளிக்கத் தண்ணீர் காய்ந்திருக்காது. புதிதாக நிரப்பிய டேங்க் நல்ல வெயிலிலும் மாலையில்தான் பதத்துக்கு வரும். நிரம்பிய டேங்கை விட்டுப்போகும்போது ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வரும் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். சிக்கனம் என்று அதை மூடினால், கொதித்து ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகத் தண்ணீர் ஏறாது, குழாய் காய்ந்துவிடும். முதல் பத்தியில் வெடித்த சத்தம் அங்கிருந்துதான் கிளம்பியது.

நிரப்பி வைத்தாலும் ஓர் எச்சரிக்கை. சில நாள் யாரும் தொடாத டேங்கில் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டுக்குள் ஓடிவரும் குழந்தை குழாயைத் திறந்து கையை நீட்டினால் வெந்துபோகும். குளியலறைக்கு முன்னால் சூட்டைத் தானே மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று போட்டுவிடுவது அவசியம். அந்தச் சூட்டில் சாதாரண பி.வி.சி. குழாய் தொய்ந்துவிடும், சி.பி.வி.சி.கூட அதன் எல்லையைத் தொடும். டேங்கிலிருந்து இறங்கும் முதல் சில அடிக்காவது உலோகக் குழாய் வேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு நஷ்டம். ஆவியாக ஆவியாகப் புதுத் தண்ணீர் ஏறி, ஒவ்வொரு முறையும் தன் சுண்ணாம்பைக் குழாயில் விட்டுப்போகும். உபயோகிக்காத கருவியில்தான் உப்பு கட்டியாகப் படிகிறது என்றால் பலரும் நம்ப மாட்டார்கள்.

மாதக்கணக்கில் மூடுவதென்றால் டேங்க், பேனல், குழாய் எல்லாவற்றையும் முழுக்க வடித்துவிட்டு, வெயில் புகாத தார்ப்பாயைப் போட்டுக் காற்றில் பறக்காமல் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். நாற்றங்கால் பச்சை வலை போதாது. அதன் வழியாகப் பாதி வெயில் உள்ளே போகும். பேனல் மாடலில் அடிமட்டத்தில் வடிகுழாய் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் கண்ணாடிக் குழாய்களை அப்படி வடிக்க வழியில்லை; கழற்றித்தான் கவிழ்க்க வேண்டும். அதனால் அந்த மாடலில் தண்ணீரோடு தார்ப்பாய் போட்டு வைப்பதே நடைமுறை. டேங்குக்குள் மின்கம்பிச் சுருள் இருந்தால் அதன் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் ஆளில்லாத வீட்டில் அது பாட்டுக்கு இரவெல்லாம் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டிருக்கும். மின்கட்டணம் வரும்போதுதான் தெரியும்.

திறக்கும் நாளில் பார்க்க வேண்டியது இன்னொன்று. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களை நிமோனியா தாக்கிய பிறகுதான் அதை அடையாளம் கண்டார்கள். குடித்தால் வருவதில்லை, ஷவரின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் வரும். 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு இதமான சூடு, 60க்கு மேல் பிழைக்காது. பூட்டிய வீட்டைத் திறந்ததும் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் சில நிமிஷம் தண்ணீரை ஓடவிட வேண்டும். டேங்க் ஒருமுறை 60 டிகிரியைத் தாண்டிய பிறகு குளிப்பது பாதுகாப்பு. முதல் நாள் காலைக்கு வேறு வழி வேண்டும் என்று சிலர் குளியலறையில் காஸ் கெய்சர் மாட்டிக்கொள்கிறார்கள். குளிருக்காக எல்லா ஜன்னலையும் அடைத்த மலைவீட்டுக் குளியலறையில் அது கார்பன் மோனாக்ஸைடைக் கக்கி ஆளையே கொன்றுவிடும். மாட்டியே ஆக வேண்டுமென்றால் வெளிவராந்தாவில் மாட்டட்டும்.

ஊட்டிப் பக்கம் நவம்பர் கடைசியிலேயே உறைபனி எட்டிப் பார்க்கும். அங்கே பேனல் மாடல் வைத்திருப்பவர்கள் தீபாவளி முடிந்ததும் ஒரு நடை போய் வடித்துவிட்டு வந்துவிடுங்கள். சித்திரையில் திறக்கும்போது தோட்டக்காரருக்கு முந்தின நாளே போன் செய்து, காலை ஏழு மணிக்குள், வெயில் ஏறுமுன் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். நேரம் தவறிவிட்டால் தார்ப்பாயை அவிழ்க்காமல், சூரியன் சாயும்வரை பொறுத்திருந்து திறக்கச் சொல்லுங்கள்.